வட்டமும் கோடும்: தாம்பரம் பெயர்ப்பலகை சொல்லும் கதை

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்ரயிலில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. தாம்பரம் சானடோரியம் தாண்டியதும் பெட்டியில் ஒரு பரபரப்பு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்த ஒரு மூதாட்டி, சன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்க்கிறார். மஞ்சள் பலகை, அதில் கறுப்பு எழுத்துகள். "தா... ம்... ப... ர... ம்" என்று கூட்டிப் படிக்கிறார். "வந்தாச்சு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நகர்கிறார்.

வயதான பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவராக அவர் இருக்கலாம். அவருக்குப் பெயர்ப்பலகையைப் படிப்பது என்பது பிறரைக் கேட்காமல் ஊர் போய்ச் சேரும் சுதந்திரம். ஆனால் இந்த இடத்தில் ஒரு சிறு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பலகையில் உள்ள 'ர' என்ற எழுத்தின் அடியில் சாய்வாக ஒரு சிறு வால் இருக்கிறதல்லவா? மழையிலும் வெயிலிலும் அந்த வால் மட்டும் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 'ர' துணைக்காலாகி, 'தாம்பரம்' என்பது 'தாம்பாம்' ஆகிவிடும்!

ஒரு சிறு கோடு இத்தனை வேலை செய்கிறது. எழுத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை நீக்கலாம் என்ற கேள்வி உலகெங்கும் பலரை வாட்டியிருக்கிறது. அலங்காரம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் கொண்டு எழுத்தை அமைத்துவிட முடியுமா? முடியும் என்றார்கள் சிலர். அவர்கள் கதையையும், அந்த முயற்சி தமிழுக்கு வந்தபோது என்ன ஆகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாதம் இல்லாத எழுத்து

ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்து, அதில் உள்ள பெரிய எழுத்துகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பாதம் வைத்தாற்போல ஒரு சிறு குறுக்குக்கோடு நீட்டிக்கொண்டிருக்கும். இதற்குச் செரிஃப் என்று பெயர். உரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே இதைக் காணலாம். கோடுகளும் ஒரே தடிப்பாக இரா. ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இது பட்டையான பேனா முனையால் எழுதிய காலத்தின் அடையாளம்.

1816-இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் என்ற அச்செழுத்து வார்ப்பாளர், தம் மாதிரிப் புத்தகத்தில் பாதம் இல்லாத எழுத்து ஒன்றை வெளியிட்டார். பெரிய எழுத்துகள் மட்டும் கொண்டது அது. 1832-இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற மற்றொரு வார்ப்பாளர் இவ்வகைக்கு 'சான்ஸ் செரிஃப்' என்று பெயரிட்டார். 'சான்ஸ்' என்பது 'இல்லாத' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஆகவே, பாதமிலி எழுத்து என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் இதைப் பலர் அவலட்சணம் என்று ஒதுக்கினார்கள். சுவரொட்டிகளுக்கும் விளம்பரங்களுக்கும் மட்டுமே பயன்பட்டது. இதற்கு மரியாதை தேடித் தந்தது ரயில்தான்.

லண்டனில் ஒரு சுரங்க ரயில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்கள் விளம்பரங்களால் நிறைந்திருந்தன. அவற்றுக்கு நடுவே நிலையத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் அதிகாரி ஃபிராங்க் பிக் 1913-இல் எட்வர்டு ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரிடம் இந்தச் சிக்கலைக் கொண்டுசென்றார். 1916-இல் ஜான்ஸ்டன் ஒரு புதிய எழுத்துத் தொகுதியைத் தந்தார்.

அதில் 'ஓ' என்ற எழுத்து ஏறத்தாழ முழு வட்டம். கோட்டின் தடிப்பு, பெரிய எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. எல்லாம் அளவோடு அமைந்தன. ஆனால் ஜான்ஸ்டன் ஓரிடத்தில் கணக்கைச் சற்றே தளர்த்தினார். ஆங்கிலத்தில் சிறிய 'எல்' எழுத்தும் பெரிய 'ஐ' எழுத்தும் பாதமில்லாமல் எழுதினால் வெறும் செங்குத்துக் கோடுகளாகிவிடும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே அவர் சிறிய 'எல்'லின் அடியில் வளைந்த வால் ஒன்றைச் சேர்த்தார்.

நம் தாம்பரம் பலகையின் 'ர' இப்போது நினைவுக்கு வருகிறதா? இரு மொழிகளிலும் சிக்கல் ஒன்றே, தீர்வும் ஒன்றே.

ஜான்ஸ்டனோடு பணியாற்றிய எரிக் கில் என்ற சிற்பி, பின்னர் தாமும் ஓர் எழுத்துத் தொகுதியை வரைந்தார். மோனோடைப் நிறுவனம் 1928-இல் வெளியிட்ட 'கில் சான்ஸ்' அதுதான். மறு ஆண்டே இங்கிலாந்தின் லண்டன் வடகிழக்கு ரயில்வே தன் பலகைகளுக்கும் கால அட்டவணைகளுக்கும் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் நம் ஊரிலும் ரயில் புதுமை கண்டது. தென்னிந்திய ரயில்வே, கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதையில் 1931-இல் மின்ரயில்களை ஓடவிட்டது. நீராவி வண்டியைவிட விரைவாக நிலையத்துக்குள் வந்து, சிறிது நேரமே நின்று, விரைவாகப் புறப்பட்டுவிடும் வண்டி இது. பயணிகள் பெயர்ப்பலகையைப் பார்த்துப் படிக்கும் நேரமும் குறைந்தது. அந்த மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004-இல் விடைபெற்றுவிட்டன. அகலப் பாதை வண்டிகள் இன்று அவ்விடத்தில் ஓடுகின்றன. பலகையை ஒரு நொடியில் படிக்க வேண்டிய தேவை மட்டும் மாறவில்லை.

கவராயம் கொண்டு வரைந்தவர்கள்

முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியில், பழைய அலங்காரங்களை எல்லாம் களைந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற வேகம் கலைஞர்களிடையே எழுந்தது. கட்டடம், நாற்காலி, விளக்கு எல்லாம் எளிய வடிவங்களுக்கு மாறின. எழுத்து மட்டும் தப்புமா? பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளியில் இருந்த ஹெர்பர்ட் பேயர், 1925-இல் வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு ஓர் எழுத்து வரிசையை அமைத்தார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இரண்டு வரிசை எதற்கு, ஒன்று போதும் என்பது அவர் கட்சி. தமிழுக்கு அந்தக் கவலை பிறக்கும்போதே இல்லை!

இவ்வகையில் பெரும் வெற்றி பெற்றவர் பால் ரென்னர். பிராங்க்பர்ட் நகரின் பௌவர் வார்ப்பகம் 1927-இல் வெளியிட்ட அவருடைய எழுத்துக்கு 'ஃபியூச்சுரா' என்று பெயர். எதிர்காலம் என்பது இதன் பொருள். வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய மூன்றிலிருந்து பிறந்தவை போல அதன் எழுத்துகள் தோன்றும். இப்படிப்பட்டவற்றை வடிவகணிதப் பாதமிலி என்பர். ரென்னர் நாஜிகளின் கலாசாரக் கொள்கையைக் கண்டித்து எழுதியவர். 1933-இல் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் கைது செய்தனர். மியூனிச் நகரில் அவர் வகித்த பதவியும் பறிபோனது. எழுத்தோ உலகமெல்லாம் பரவியது. 1969 ஜூலையில் அப்பல்லோ-11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் விட்டுவந்த உலோகத் தகட்டில் உள்ள வாசகம் ஃபியூச்சுரா எழுத்தில் பொறிக்கப்பட்டதே.

இந்த வெற்றிக்கு முன் நடந்த ஒரு செய்தியைக் கவனியுங்கள். ரென்னர் முதலில் வரைந்த மாதிரியில் சிறிய 'ஆர்' எழுத்து ஒரு செங்குத்துக் கோடும், அதன் தோளருகே ஒட்டாமல் நிற்கும் ஒரு புள்ளியுமாக இருந்தது. கணித அழகு நிறைந்த வடிவம்தான். ஆனால் சொற்களுக்கு நடுவே அது எழுத்தாகத் தெரியவில்லை. இதைப் போன்ற பல சோதனை வடிவங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. படிப்பவர் கண்ணுக்குப் பழகிய வடிவங்களே இறுதியில் நின்றன.

கண் செய்யும் சூழ்ச்சி

வடிவகணித எழுத்து என்றால் கவராயமும் அளவுகோலும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபியூச்சுராவின் எழுத்துகளை அளந்து பார்த்தால் அவை கணக்குப்படி சுத்தமாக இல்லை என்பது தெரியும். ஏன் இப்படி?

ஒரே உயரமுள்ள ஒரு சதுரத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். வட்டம் சிறியதாகத் தோன்றும். காரணம், சதுரம் தன் முழு அகலத்தோடு மேல் கோட்டைத் தொடுகிறது. வட்டமோ ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. இரண்டும் சமமாகத் தெரிய வேண்டுமானால் வட்டத்தை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மேலும் கீழும் மிகுத்து வரைய வேண்டும்.

இரண்டாவது சூழ்ச்சி: ஒரே தடிப்புள்ள படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. படுக்கைக் கோடு தடித்ததாகத் தோன்றும். எனவே அதைச் சற்று மெலிதாக்குவார்கள். மூன்றாவது: வளைவும் நேர்கோடும் சேரும் மூலையில் கறுப்பு திரண்டு கரும்புள்ளி போலத் தோன்றும். அச்சு மை அங்கே தேங்கி மேலும் கெடுக்கும். எனவே சேரும் இடத்தில் கோட்டை இளைக்கச் செய்வார்கள்.

ஆக, 'ஒரே தடிப்பு' என்று நாம் காண்பது உண்மையில் ஒரே தடிப்பு அன்று. ஒரே தடிப்பாகத் தோன்றும்படி திருத்தப்பட்டது. இந்தத் திருத்தங்கள் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 'ப'வும் 'வ'வும் பக்கத்தில் நின்றாலும் இதே கணக்குதான்.

பல்லாவரத்துக் குகையிலிருந்து

இனித் தமிழுக்கு வருவோம். அதற்காகத் தாம்பரத்தைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. இன்று இசுலாமியர் வழிபடும் இடமாக விளங்கும் அக்குகையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மன்னனின் விருதுப் பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கல்லில் உளி சென்ற வழி அவை.

தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவமான தமிழ்-பிராமியில் நேர்கோடுகளே மிகுதி. பின்னாளில் ஓலையும் எழுத்தாணியும் ஆட்சிக்கு வந்தன. ஓலையின் நார் நீளவாட்டில் ஓடுவது. அதே திசையில் அழுத்திக் கோடு கிழித்தால் ஓலை பிளந்துவிடும். எழுத்துகள் வளைந்து சுழிந்ததற்கு இதை ஒரு காரணமாக அறிஞர் கூறுவர். மெய்யெழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியும் ஓலையில் பெரும்பாலும் விடுபட்டது. எழுத்தாணி ஒரே முனை கொண்டது. எத்திசையில் இழுத்தாலும் ஒரே தடிப்பான கோடுதான் விழும். இதிலிருந்து ஒரு வியப்பான உண்மை வெளிப்படுகிறது. ஒரே தடிப்பு, பாதமில்லாமை என்ற இரண்டும் ஐரோப்பாவில் 1816-க்குப் பிறகு அச்சில் புகுந்த புதுமைகள். நம் ஓலைச்சுவடிகளிலோ அவை பல நூற்றாண்டு வழக்கம்!

பிறகு அச்சு வந்தது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1761-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் மேற்பார்வையில் நேர்த்தியான தமிழ் அச்செழுத்துகள் உருவாயின. 1862-இல் வெளிவந்த வின்சுலோ தமிழகராதி அந்த அச்சகத்தின் படைப்பே.

இந்த அச்செழுத்துகளில் கோடுகள் பருத்தும் மெலிந்தும் நடந்தன. புத்தகப் பக்கத்தில் அது கண்ணுக்கு இதமானது. ஆனால் கடைப்பலகை எழுதும் ஓவியரும் ரயில் நிலையப் பலகை எழுதியவரும் வேறு வழியில் சென்றார்கள். நூலில் சாக்குப்பொடி தடவிச் சுண்டி மேல்கோடும் கீழ்கோடும் இடுவார்கள். இடையே கட்டம் பிரிப்பார்கள். பட்டைத் தூரிகையால் ஒரே தடிப்பில் எனாமல் வண்ணத்தை இழுப்பார்கள். ஃபியூச்சுராவின் பெயரைக் கேட்டறியாமலே நம் ஓவியர் பலர் வடிவகணிதத் தமிழ் எழுத்தை எழுதி வந்தார்கள்.

பலகை என்றால் அது வெறும் அழகுச் செய்தியும் அல்ல. 1952-இல் தமிழக ரயில் நிலையங்களில் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பட்ட போராட்டத்தையும், 1953 ஜூலையில் 'டால்மியாபுரம்' என்றிருந்த நிலையத்துக்குக் கல்லக்குடி என்ற ஊர்ப்பெயரே வேண்டும் என்று நடந்த போராட்டத்தையும் வரலாறு பதிவு செய்துள்ளது. ஒரு பலகையில் எந்த எழுத்து, எந்தப் பெயர் என்பதற்காக மக்கள் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்த நாடு இது.

வட்டம் வேறு, சுழி வேறு

தமிழ் எழுத்தை வட்டமும் கோடுமாகப் பிரிக்க முயல்வோம். 'ட' இரண்டே கோடுகள். 'ப' மூன்றே கோடுகள். துணைக்காலும் 'ர'வும் நேர்கோடுகள். 'ம'வில் ஒரு வளைவு சேர்கிறது. 'தாம்பரம்' என்ற சொல்லில் 'த' நீங்கலாக மற்றவை பெரும்பாலும் அளவுகோலுக்கு அடங்குபவை. பலகை எழுதுபவருக்கு அதிர்ஷ்டமான ஊர்!

ஆனால் 'இ', 'ஐ', 'ஞ', 'ண' என்று போனால் கவராயம் திகைத்து நிற்கும். ஆங்கில 'ஓ' மூடிய வட்டம். அதற்கு ஒரே மையம், ஒரே ஆரம். தமிழ் எழுத்தின் உயிர் வட்டத்தில் இல்லை, சுழியில் இருக்கிறது. சுழியில் ஆரம் குறைந்துகொண்டே வரும். 'உ' எழுத்தின் தொடக்கத்தையும், கொம்பின் தலையையும் பாருங்கள். ஒவ்வொன்றும் உள்ளே சுருண்டு செல்லும் கோடு. அதை முழு வட்டமாக மாற்றினால் எழுத்து முகம் மாறிவிடும். இந்தச் சுழிகளின் நடுவில் உள்ள சிறு வெளியும் முக்கியம். எழுத்தைத் தடிப்பாக்க ஆக்க முதலில் அடைபடுவது அந்த வெளிதான்.

வேறோர் இடர், ஒன்றைப் போல் ஒன்று இருப்பது. ஓலைச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. குறிலையும் நெடிலையும் பிரிக்கும் கொம்பின் மேற்சுழியை வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பர். அதற்கு முன் படிப்பவர் இடம் அறிந்துதான் 'கெ'யா 'கே'யா என்று தெரிந்துகொண்டார். இன்றும் 'எ', 'ஏ' இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சாய்கோடே. 'ன'வையும் 'ண'வையும் பிரிப்பது ஒரே ஒரு வளைவு.

எளிமை என்று சொல்லி இவற்றில் கை வைத்தால், அழகு கூடலாம், பொருள் போய்விடும். அதே சமயம் எளிமையாக்க இடமே இல்லை என்பதும் சரியன்று. பல அச்செழுத்துகளில் 'ர்', 'ரி' ஆகியவற்றில் ரகரத்துக்கு வால் கிடையாது. ஏன்? துணைக்காலின் மேல் புள்ளியோ இகரக் குறியோ ஒருபோதும் வராது. குழப்பத்துக்கு இடமில்லாத இடத்தில் வால் தேவையில்லை. எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தீர்மானிப்பது பொருள் வேறுபாடு ஒன்றே.

1935-இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தமும் இந்த வழியில் வந்ததுதான். 'ணை, லை, ளை, னை' ஆகியவற்றின் துதிக்கை போன்ற பழைய வடிவங்களும், 'ணா, றா, னா' முதலியவற்றின் தனி வடிவங்களும் நீங்கி, எல்லா எழுத்தும் ஒரே விதிப்படி அமைந்தன. தமிழக அரசு இதை 1978-இல் ஏற்றுக்கொண்டது. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் சில அறைகள் குறைந்தன. பள்ளிச் சிறுவனின் நினைவுச்சுமையும் குறைந்தது. உகர, ஊகார வரிசையின் 36 எழுத்துகள் மட்டும் இன்றும் தனித்தனி வடிவங்களோடு நிற்கின்றன.

எவ்வளவு தூரத்தில் தெரியும்?

இப்போது ஒரு சிறு கணக்கு. கண் மருத்துவரிடம் போனால் படிக்கச் சொல்லும் எழுத்து அட்டையை 1862-இல் அமைத்தவர் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன். நல்ல கண் பிரித்தறியக் கூடிய மிகச் சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, என்பது அதன் அடிப்படை.

100 மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது சுமார் 2.9 சென்டிமீட்டர். ஆங்கில 'இ' எழுத்தில் மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றிடையே இரண்டு வெளிகள். ஆக ஐந்து அலகு. எனவே அது 100 மீட்டரில் தெரிய 14.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். தமிழ் 'ண'வை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலம் சென்றால் சுமார் ஐந்து நெடுக்குக் கோடுகளைக் கடக்கிறோம். இடையே நான்கு வெளிகள். ஆக ஒன்பது அலகு. அதற்கு அகலம் மட்டுமே 26 சென்டிமீட்டர் வேண்டும்!

இத்தோடு முடியவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தமக்குக் கொடுத்த உயரம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். தமிழோ மேலே புள்ளிக்கும் இகரக் குறிக்கும், கீழே உகரத்துக்கும் ரகர வாலுக்கும் இடம் விட வேண்டும். பலகையில் இரண்டு மொழிக்கும் 30 சென்டிமீட்டர் உயரம் சமமாக ஒதுக்கினால், தமிழ் எழுத்தின் உடலுக்கு 20 சென்டிமீட்டர் கிடைத்தாலே அதிகம். அதிகக் கோடுகளுள்ள எழுத்துக்குக் குறைந்த இடம்! சம அளவு என்று கண்ணுக்குத் தெரிவது, படிப்பவருக்குச் சமமாக இருப்பதில்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். 100 மீட்டரைக் கடக்க அவருக்கு ஆறு விநாடிதான் ஆகும். அதற்குள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று படித்து முடிவு செய்தாக வேண்டும். எழுத்து தெளிவாக இல்லாவிட்டால் அவர் திடீரென்று வேகத்தைக் குறைப்பார்; பின்னால் வருபவருக்கு ஆபத்து.

கணிப்பொறி வந்தபின்

ஈய எழுத்துகள் போய்க் கணிப்பொறி எழுத்துருக்கள் வந்தன. 1991-இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 கணிப்பொறிகளோடு வந்த 'லதா' எழுத்துரு, ஒரே தடிப்புக் கோடுகளால் ஆன தமிழைப் பலருக்குப் பழக்கப்படுத்தியது. அக்காலக் கணிப்பொறித் திரையில் புள்ளிகள் குறைவு. பருத்தும் மெலிந்தும் செல்லும் கோட்டை அதில் காட்டுவது கடினம். ஒரே தடிப்பு எழுத்தே அதற்கு ஏற்றது.

2010-களில் நிலைமை முன்னேறியது. அகமதாபாத்தைச் சேர்ந்த இந்தியன் டைப் ஃபவுண்டரி 2014-இல் 'பாப்பின்ஸ்' என்ற எழுத்துருவை வெளியிட்டது. ஆங்கிலத்தோடு தேவநாகரியையும் வட்டங்களை அடிப்படையாகக் கொண்டு அமைத்த வடிவகணித எழுத்துரு இது. தமிழில் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த எழுத்துரு ஒன்று அதே பத்தாண்டில் வெளிவந்தது. அதன் பெயர் 'கட்டமரான்'. ஆம், நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் மீண்டும் எழுத்துருவாகத் திரும்பி வந்திருக்கிறது. மிக மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகள் கொண்டது. ஒரே தடிப்புக் கோடுகளால் ஆனது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஒன்பது எடைகள் என்பது எளிய காரியமன்று. மெலிந்த எழுத்தில் 'ஞ'வின் சுழிகள் தாராளமாக நிற்கும். தடித்த எழுத்தில் அதே சுழிகளுக்கு இடம் போதாது. அங்கே கோட்டைச் சில இடங்களில் இளைக்க வேண்டும். எழுத்தை அகலப்படுத்த வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தப் போராட்டம் தனித்தனி. உகர, ஊகார வரிசையின் 36 வடிவங்களையும் எடைக்கொரு முறை செப்பனிட வேண்டும். ஜான்ஸ்டனும் ரென்னரும் 26 எழுத்துகளோடு பட்ட பாட்டைவிட இது பெரிது.

ஆகவே, வட்டமும் கோடும் மட்டும் கொண்டு தமிழை அமைத்துவிட முடியுமா என்ற கேள்விக்கு விடை தெளிவாகிறது. ஒரே தடிப்பும் எளிமையும் தமிழுக்குப் பொருந்தும். அவை ஓலைக் காலத்திலிருந்தே நமக்குச் சொந்தம். கவராயத்தின் முழு வட்டத்தை மட்டும் தமிழ் ஏற்றுக்கொள்ளாது. சுழிக்கும் வாலுக்கும் இடம் விட்ட எளிமையே நம் எழுத்துக்கு ஏற்ற வடிவகணிதம்.

செய்து பாருங்கள்

மாணவர்களே, ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தாம்பரம்' என்ற சொல்லைக் கட்டங்களை நிரப்பி, ஒரே தடிப்பில் எழுதுங்கள். 'ர'வின் வாலை ஒரு காகிதத் துண்டால் மறைத்து, விஷயம் தெரியாத நண்பர் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு வாலின் நீளத்தை ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று கூட்டிப் பாருங்கள். அறையின் மறுமூலையில் நிற்பவருக்கு எத்தனை கட்ட வால் இருந்தால் ஐயமின்றித் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு சுழி. தாளில் ஒரு நேர்கோடு வரைந்து, அதில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகள் வையுங்கள். முதற்புள்ளியை மையமாக்கிக் கோட்டுக்கு மேலே ஓர் அரைவட்டம். அது கோட்டைத் தொட்ட இடத்தில் பென்சிலை வைத்து, இரண்டாம் புள்ளியை மையமாக்கிக் கோட்டுக்குக் கீழே அடுத்த அரைவட்டம். இப்படியே மாறி மாறிச் சென்றால் சுழி பிறக்கும். அதைக் கொண்டு 'உ' எழுத முயலுங்கள். எந்த இடத்தில் கவராயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்து வடிவமைப்பவரின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.